மாமியார் எழுதிய பேய் எழுத்து

சுரேந்தருக்கு முப்பத்து நாலு வயது. அதில் பதினாறு வருஷம் குண்டு எழுத்து போட்டே கழிந்துபோனது. நம் ஊர்க்காரர்களுக்கு எழுத்து என்றால் அது கல்யாணப் பந்தியில் மூன்று தரம் உட்கார்ந்து எழுந்த மாதிரி இருக்க வேண்டும். காது குத்து பிளெக்ஸா, கடை திறப்பா, கட்சிக்காரர் பிறந்த நாளா, எதுவானாலும் தங்கக் கலரில், ஓரம் புடைத்து, நிழல் விழுந்து, எதிரே வருகிற பஸ் டிரைவரின் கண்ணைக் குத்த வேண்டும். ஒரு தடவை ஆசைப்பட்டு மெலிசான எழுத்தில் கல்யாணப் பத்திரிகை ஒன்று செய்து காட்டினான். பெண்ணின் தகப்பனார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மிஷினில் மை தீர்ந்துபோய்விட்டதா என்று அனுதாபத்தோடு விசாரித்தார். அன்றோடு அந்த ஆசையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

சொந்த ஊர் மதுக்கரை. லாரி ஓடுகிற ஊர், தூசிக்குப் பஞ்சமில்லை. நின்ற வண்டி, சாத்திய ஜன்னல், வாத்தியாரின் ஸ்கூட்டர் சீட் என்று எது கிடைத்தாலும் சின்ன வயதிலேயே விரலால் எழுத்துப் போடுவான். மற்றப் பையன்கள் கெட்ட வார்த்தை எழுதுவார்கள். இவன் 'ழ' எழுதுவான், அதன் வால் எப்படிச் சுழிந்தால் அழகு என்று நாலு விதமாக. வாத்தியாருக்கு இரண்டும் ஒன்றுதான், அடி விழுந்தது. பாலிடெக்னிக்கில் சேர்ந்து, இரண்டாம் வருஷக் கணக்குப் பரீட்சைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆர்.எஸ்.புரத்தில் யூனுஸ் பாய் நடத்தும் டிசைன் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவனிடம் ஒரு கோளாறு உண்டு. எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பான். என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாவது. பல சமயம் அந்த இரண்டாவது வருவதே இல்லை. கரண்ட் பில் கட்டச் சொல்லி வந்த கடைசி நோட்டீஸை எடுத்து, இந்த 'ட்' எவ்வளவு லட்சணம் என்று மனைவியிடம் காட்டி ரசித்தான். மறுநாள் காலையில் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

மனைவி நந்திதா சென்னிமலைப் பெண். ஆர்.எஸ்.புரத்திலேயே ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்து, வீங்கிய கன்னங்களோடு வருகிறவர்களைச் சிரித்த முகமாக வரிசையில் உட்கார வைக்கிற உத்தியோகம். அவளுக்கு அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அம்மா சென்னியம்மாள் மட்டும் சென்னிமலையில் தனியாக இருந்தார். போன ஆனி மாசம் மலைக்கோயில் படியில் கால் பிசகி விழுந்தார். நந்திதா போய், அழுது, சண்டை போட்டு, ஒரே ஒரு மாசம் என்று சத்தியம் செய்து மதுக்கரைக்கு அழைத்து வந்தாள்.

சென்னியம்மாளிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு சோறு தின்னக் கூடாது என்பது முதல் சட்டம். அங்கே இருக்கிற வரைக்கும் அவர் ஒறம்பரை, அதாவது விருந்தாளி, அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் ஒரு கட்டைப்பையில் நாலு சேலை எப்போதும் மடித்துத் தயாராக இருக்கும். யாராவது முகம் சுளித்ததாகச் சந்தேகம் வந்தால் போதும், பை கிளம்பிவிடும், கூடவே அவரும் கிளம்பிவிடுவார். கால் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. சென்னிமலை வீட்டில் ராத்திரி விழுந்தால் தூக்க ஆளில்லை. அந்தப் பை நகராமல் இருக்க வேண்டுமே என்பதுதான் நந்திதாவின் அன்றாட வேண்டுதல்.

இரண்டாவது சட்டம், மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் வீட்டு வழக்கம் அது. இந்தக் காலத்தில் யாருங்க இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நந்திதாவும் கேட்டாள். சென்னியம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை மூன்றடி தள்ளி உட்கார்ந்து இட்லியை வெறித்துக்கொண்டிருப்பான். இவர் சமையலறையிலிருந்து, மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வைக்கட்டுமா என்று கேட்டுச் சொல்லும்படி மகளிடம் சொல்வார். மகள் புருஷனைப் பார்ப்பாள். புருஷன் போதும் என்பான். மகள் அம்மாவிடம் போதுமாம் என்பாள். அதற்குள் ரெண்டு இட்லி தட்டில் விழுந்திருக்கும்.

நந்திதா எட்டு மணிக்கே வேலைக்குப் போய்விடுவாள், சுரேந்தர் கிளம்ப பத்தாகும். இடையில் பேச ஆள் வேண்டுமே? அதற்குத்தான் சீட்டு. அன்றன்றைக்குத் தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவார். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவிலும் ஒரு சீட்டு மடித்து வைப்பார். எல்லாச் சீட்டும் 'மாப்பிள்ளைங்களுக்கு' என்றுதான் ஆரம்பிக்கும். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த எழுத்து இருக்கிறதே, அதுதான் விசேஷம். சென்னியம்மாள் பிறவிச் சிக்கனக்காரர். பேனா ரீஃபில் தீர்ந்துவிட்டது என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. செருப்பின் அடியில் தேய்ப்பார், அடுப்பு அனலில் காட்டுவார், வாயால் ஊதுவார், கடைசி மூச்சு வரைக்கும் அதை எழுத வைப்பார். அதனால் கோடு முடி மாதிரி மெலிசாக வரும், பாதியில் அறுந்து போகும், மறுபடி எங்கிருந்தோ முளைக்கும். தாளில் இடம் வீணாகக் கூடாது என்று எழுத்தையெல்லாம் நெருக்கி ஒல்லியாக, உயரமாக எழுதுவார். ஃப்ரிட்ஜ் கதவில் தாளை வைத்து நின்றபடி எழுதுவதால் அழுத்துகிற இடத்தில் தாள் கிழியும். மொத்தத்தில் பார்த்தால், சமாதிக்குள்ளிருந்து யாரோ நகத்தால் கீறி எழுதின மாதிரி இருக்கும். எழுதியிருப்பதோ, 'புறக்கடைக் கதவைத் தாழ் போட வேண்டாம். நான் உள்ளே வருவேன்.'

இது இப்படி நடந்துகொண்டிருக்கும்போதுதான் கடைக்கு அருள்குமார் வந்து சேர்ந்தான். இருபத்தேழு வயது, கறுப்புச் சட்டை, கண்ணுக்குக் கீழே தூக்கம் கெட்ட கறுப்பு. குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு முதல் சினிமா கிடைத்திருந்தது. பேய்ப் படம். பேர் 'ஔவை நகர் கடைசி வீடு'. டைட்டில் எழுத்தைப் பார்த்தவுடனே ஜனங்களுக்கு முதுகுத்தண்டு சில்லிட வேண்டும் என்றான். சுரேந்தருக்கு வாழ்நாளில் முதல் தடவையாக மெலிசான எழுத்துக்கு ஆர்டர் வந்திருக்கிறது. விடுவானா? ரெண்டு வாரத்தில் இருபத்தேழு டிசைன் செய்தான். ரத்தம் சொட்டும் எழுத்தை அருள்குமார் தக்காளி சாஸ் என்றான். நகம் வைத்த எழுத்தைப் பார்த்து, இது கீரிப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்றான். எலும்பு எழுத்தைப் பார்த்து யூனுஸ் பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது.

இருபத்தெட்டாவதுக்கு வழி தெரியாமல் சுரேந்தர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான். மேலே மடித்து வைத்திருந்த சீட்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருள்குமாரின் மடியில் விழுந்தது. அவன் பிரித்துப் பார்த்தான். 'மூடியை மெதுவாகத் திறக்கவும்' என்று இருந்தது. ரசம் டப்பாவைப் பற்றின அறிவிப்பு அது. அருள்குமார் கையில் முடி சிலிர்த்து நின்றதை யூனுஸ் பாய் தன் கண்ணால் பார்த்தார்.

"ங்ணா," என்றான் அருள்குமார், குரல் இறங்கிப்போய். "இதை யாருங்ணா எழுதுனது?"

 தன் மாமியார் என்று சொல்ல சுரேந்தருக்கு நாக்கு எழவில்லை. ஒரு பழைய கையெழுத்து, தேடிப் பிடித்தது என்று சமாளித்தான். அந்த ஒரு பொய்தான் முதல் செங்கல். அதற்கப்புறம் கட்டடம் தானாக எழும்பியது.

அன்று முதல் சீட்டுகள் குப்பைக்குப் போகவில்லை, கடைக்குப் போயின. ஏற்கெனவே பழைய பேப்பர் கட்டுக்குள் கிடந்தவற்றையும் பொறுக்கி எடுத்தான். ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து, பிடித்த எழுத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, கம்ப்யூட்டரில் அதன் ஓரத்தைத் தடவித் தடவி வரைந்து, அறுந்த இடத்தை அறுந்தபடியே, கிழிந்த இடத்தைக் கிழிந்தபடியே வைத்தான். எழுத்துருவுக்கு ஒரு பேர் வேண்டுமே என்று ஃபைலுக்கு 'அத்தை' என்று வைத்தான். யூனுஸ் பாய் தலையில் அடித்துக்கொண்டார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாய் தம்பி, அந்தம்மாவுக்குத் தெரிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், அப்புறம் உன் பெண்டாட்டி உன்னைச் சும்மா விடுவாளா என்று கேட்டார். தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன் பாய் என்று சொல்லிவிட்டான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருட்டு என்று நினைத்ததாம்.

படத்தின் பேருக்கு வேண்டிய மற்ற எழுத்தெல்லாம் ஃப்ரிட்ஜிலிருந்தே கிடைத்துவிட்டன. 'ஔ' மட்டும் இல்லை. வீட்டு வேலையில் யாருக்கு ஔ தேவைப்படும்? சுரேந்தரே ஒன்றை வரைந்து சேர்த்தான். அருள்குமார் திரையில் பார்த்தவுடனே அதன் மேல் விரலை வைத்து, மற்றதெல்லாம் பயமுறுத்துகிறது, இது மட்டும் காலேஜ் படித்த எழுத்து என்று சொல்லிவிட்டான். பையன் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவன்.

சரி, அத்தையை எழுத வைப்போம் என்று முடிவானது. யூனுஸ் பாய் ஒரு வாடிக்கையாளர் போல வீட்டுக்குப் போன் செய்து, ஔவை நகர் மூன்றாவது வீதி என்று ஒரு விலாசம் சொல்வது, அத்தை அதை மாப்பிள்ளைக்குச் சீட்டில் எழுதி வைப்பது என்று திட்டம். பாய் போன் செய்தார். சென்னியம்மாள், சாப்பிட்டாச்சுங்களா என்று ஆரம்பித்தார். பாய் ஆச்சும்மா, நீங்க சாப்பிட்டீங்களா என்றார். எந்த ஏரியாங்க என்று அவர் கேட்க, கோட்டைமேடு என்று இவர் சொல்ல, அப்படியானால் ஒப்பணக்கார வீதியில் எங்கள் வீட்டுக்காரர் பெட்ஷீட் கொண்டுவந்து போட்ட கடை ஒன்று உண்டே என்று அவர் நினைவுகூர, பேச்சு நீண்டுகொண்டே போனது. பாயின் முழங்கால் வலிக்கு முடக்கத்தான் கீரை வைத்தியம் சொல்லி, எத்தனை நாள் தின்ன வேண்டும் என்பதையும் சொல்லி, நாற்பது நிமிஷம் கழித்துப் பேச்சு முடிந்தது.

"ரொம்ப நல்ல மனுஷி தம்பி," என்று பாய் மனசு நிறைந்து போனை வைத்தார்.

விலாசம் சொன்னீர்களா என்று சுரேந்தர் கேட்டான். எந்த விலாசம் என்று பாய் கேட்டார்.

கடைசியில் இன்னொரு பொய் சொல்ல வேண்டி வந்தது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு எல்லா வயசுக்காரர்களின் கையெழுத்திலும் உயிரெழுத்து பன்னிரண்டும் வேண்டும் என்று நந்திதாவிடம் சொன்னான். அவள் அம்மாவிடம் சொன்னாள். சென்னியம்மாள் ஒரு கையால் பாலைக் கிண்டிக்கொண்டே மறு கையால் எழுதிக்கொடுத்தார். அந்த 'ஔ' வந்து சேர்ந்ததும் அருள்குமார் கம்ப்யூட்டர் திரையைக் கும்பிட்டான்.

இந்த அமளியில் வீட்டில் ரெண்டு தரம் கேஸ் தீர்ந்து சமையல் நின்றது. அம்மா சீட்டு எழுதி வைத்தார்களாமே, பார்க்கவில்லையா என்று நந்திதா கேட்டாள். பார்த்தேனே என்றான் சுரேந்தர். பார்த்தான் என்பது நிஜம்தான், 'ஸ்' மிகப் பிரமாதமாக இருந்தது.

மாசி மாசம் போஸ்டர் ஒட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்திதாவும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்க டவுனுக்கு பஸ்ஸில் போனார்கள். உக்கடம் சிக்னலில் பஸ் நின்றது. பாலத்துத் தூணில் வரிசையாகப் பத்து போஸ்டர். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக, ஆள் உயரத்துக்கு, 'ஔவை நகர் கடைசி வீடு'. பஸ்ஸில் ஒரு குழந்தை அதைப் பார்த்து அழ ஆரம்பித்தது. சென்னியம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். பச்சை விளக்கு விழுந்து வண்டி நகர்ந்த பிறகு மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

"நந்து, அது என்ற எழுத்து. நான் எழுதுனது."

நந்திதாவுக்கும் தெரிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற அம்மாவின் எழுத்து தெரியாமல் போகுமா? சேலை எடுக்காமலே திரும்பி வந்தார்கள். சுரேந்தர் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி விழித்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான், கண்காட்சிப் பொய் உட்பட. நந்திதா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். உங்களை நம்பி அம்மாவைக் கூட்டி வந்தேனே என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சாப்பாட்டு டப்பாவில் சாப்பாடு மட்டும் இருந்தது. சுரேந்தர் நந்திதா மூலமாக மன்னிப்புக் கேட்டு அனுப்பினான். அதெல்லாம் ஒன்றுமில்லீங்க என்று நந்திதா மூலமாகவே பதில் வந்தது. கொங்கு நாட்டில் ஒருவர் அதெல்லாம் ஒன்றுமில்லீங்க என்று சொன்னால், காரியம் கை மீறிவிட்டது என்று அர்த்தம். சனிக்கிழமை காலையில் கட்டைப்பை கதவுக்குப் பின்னாலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டது. வந்து நாளாகிப் போச்சு, ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று சென்னியம்மாள் காரணம் சொன்னார்.

நந்திதா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பும்போது, நீங்கள் செய்த வேலைக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போய் பஸ் ஏற்றி விடுங்கள் என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் போனாள். சுரேந்தர் பையை ஸ்கூட்டர் முன்னால் வைத்தான். சென்னியம்மாள் பின்னால் ஏறி, நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். காந்திபுரம் போய் ஈரோட்டு பஸ் பிடித்து, பெருந்துறையில் இறங்கி மாற வேண்டும்.  சுரேந்தர் வண்டியை உருட்டுகிற வேகத்தில்தான் ஓட்டினான். இந்தம்மா போனால் நந்திதா சிரிக்க மாட்டாள் என்பது ஒரு பக்கம். எட்டு மாசமாக ஒரு நாள் தவறாமல் தனக்காக டப்பா கட்டிக் கொடுத்த மனுஷியைத் தானே பஸ் ஏற்றப் போகிறோமே என்பது இன்னொரு பக்கம். அது ரொம்பவே வலித்தது.

வழியில் போன் அடித்தது, யூனுஸ் பாய். கடைச் சாவி ஒன்று சுரேந்தரிடம் இருக்கிறது, பீரோவைத் திறக்க வேண்டும், ரெண்டு நிமிஷம் வந்துவிட்டுப் போ என்றார். அத்தையை வெளியே வண்டியிலேயே நிறுத்திவிட்டு ஓடி வந்துவிடலாம் என்றுதான் சுரேந்தர் நினைத்தான். பாய் விடுவாரா? பெரிய மனுஷியை வெயிலில் நிறுத்துவதா என்று வாசலுக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டு, உள்ளே வந்து ஒரு டீ சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று நின்றார். அந்தக் குரலைக் கேட்டதும் சென்னியம்மாள் நிமிர்ந்து பார்த்து, முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பாயின் முகத்தில் ஈயாடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு டீ சொல்லப் போனார்.

உள் அறைச் சுவர் முழுக்கச் சீட்டு. எதுவும் கசங்காமல், மங்காமல், கண்ணாடிக் காகித உறையில் போட்டு, எழுத்து வரிசைப்படி ஒட்டியிருந்தான். 'க' ஒரு பத்தி, 'ட' ஒரு பத்தி. ஒவ்வொரு தாளிலும் ஒரு சிவப்பு வட்டம். சென்னியம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

டீயோடு வந்த பாய், இதுதான் சமயம் என்று வக்கீல் மாதிரி பேச ஆரம்பித்தார். ஒரு சீட்டைக்கூடத் தம்பி கீழே போடவில்லை, தங்கம் மாதிரி வைத்துக் காப்பாற்றுகிறான், கேலிக்குச் செய்ததில்லை அம்மா, உங்கள் எழுத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு மரியாதை என்றார். சென்னியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நடந்தார். ஒவ்வொன்றாக வாசித்தார். முகம் மெல்ல இளகியது. சுரேந்தருக்கு உயிர் வந்தது. 'ட' பத்தியில் ஒரு சீட்டின் முன்னால் அவர் நின்றார். அப்புறம் 'ழ' பத்தியில் ஒன்றை நின்று பார்த்தார், 'ச' பத்தியில் ஒன்றை. திரும்பினார். மகளைத் தேடவில்லை, பாயைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மாப்ளைங்க," என்றார்.

 சுரேந்தருக்கு முதலில் யாரைக் கூப்பிடுகிறார் என்றே விளங்கவில்லை.

"இந்தச் சீட்டுல எதுக்குங்க வட்டம் போட்டிருக்கீங்க?"

"அது 'டி'ங்க அத்தை. கீழ் வளைவு பாதியில அந்து போயி மறுபடி வருதுங்க பாருங்க. அந்த மாதிரி யாருக்கும் எழுத வராதுங்க."

"சேரிங்க. வட்டத்துக்கு வெளிய என்ன எழுதியிருக்குதுங்க?"

சுரேந்தர் கிட்டே போனான். அந்தச் சீட்டை அவன் நூறு தடவை பார்த்திருக்கிறான், திரையில் எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். இப்போதுதான் படித்தான். மெலிசான தாளில் பின்பக்கத்திலிருந்து தெரிந்த காலண்டர் தேதி ஆவணி மாசம். 'மாப்பிள்ளைங்களுக்கு. குளிக்கும் அறையில் கால் வழுக்குகிறது. சுவரில் ஒரு கைப்பிடி அடித்துத் தந்தால் உதவியாக இருக்கும்.' அடுத்தது 'ழு', ஐப்பசி மாசம். 'மறுபடியும் வழுக்கியது. கைப்பிடிக்கு அவசரம் இல்லை. முடிந்தபோது போதும்.' மூன்றாவது தை மாசம். 'நேற்று விழுந்துவிட்டேன். அடி அதிகம் இல்லை. நந்திதாவிடம் சொல்ல வேண்டாம். சிரமத்துக்கு மன்னிக்கவும்.' இதில் வட்டம் 'சி'யின் மேல். அந்த 'சி'தான் 'கடைசி'யில் உட்கார்ந்து உக்கடம் தூணில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

 சுரேந்தருக்குக் காது ரெண்டும் சுட்டன. ஊரையே பயமுறுத்தின எழுத்தில் ஒரு மனுஷி, விழுந்துவிட்டேன் என்று தன்னிடம் சொல்லியிருக்கிறாள். தான் அதில் ஒரு சுழியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு மீதியைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். வெட்கத்தில் அத்தையின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

"பேய்ப் படத்துக்குப் போட்டீங்கன்னு எனக்கு வருத்தமில்லீங்க," என்றார் சென்னியம்மாள். "என்ற எழுத்து அப்படித்தானுங்க இருக்கும். மூணு தடவை எழுதிக் கேட்டேன், பதிலே இல்லீங்க. நான் இங்க இருக்கறது மாப்ளைங்களுக்குப் புடிக்கலையாட்ட இருக்குது, வாயால சொல்ல முடியாம இருக்கறாங்கன்னு நெனச்சுப்போட்டேன். அதுக்குத்தானுங்க பையை எடுத்தேன்."

எட்டு மாசத்துப் பேச்சு ஒரே மூச்சில் வந்துவிட்டதால் அவருக்கே மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் குடித்தார். யூனுஸ் பாய் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.  படிக்கலீங்க அத்தை, எழுத்தைத்தான் பாத்தேன், படிக்கலீங்க என்றே சுரேந்தர் திருப்பித் திருப்பிச் சொன்னான். சென்னியம்மாள் அதை நம்பினாரா என்பது முகத்தில் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.

சுரேந்தர் ஸ்கூட்டரைக் காந்திபுரம் பக்கம் விடவில்லை. ஒரு ஹார்டுவேர் கடையில் நிறுத்தி, ஸ்டீல் கைப்பிடி இருப்பதிலேயே கனமானது, ஸ்க்ரூ, டிரில் மிஷின் வாடகைக்கு என்று எல்லாவற்றையும் ஏற்றினான்.  வண்டி நேராக மதுக்கரை வந்து நின்றது. பையை இறக்க அவர் விடவில்லை, அது ஸ்கூட்டரிலேயே இருந்தது.

வாழ்க்கையில் மவுஸைத் தவிர வேறு கருவி பிடித்தறியாதவன் டிரில் மிஷினைப் பிடித்தான். முதல் துளையில் டைல் விரிசல் விட்டது. ரெண்டாவது துளை கோணலாகப் போனது. மூன்றாவதில் வீடு முழுக்கச் சிமென்ட் தூசி. பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னங்க சத்தம் என்று விசாரித்தார். ரெண்டு மணி நேரம் கழித்து கைப்பிடி சுவரில் ஏறியது. நேராக இல்லை, ஒரு பக்கம் சரிந்துதான் இருந்தது. நேர்கோடு பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவனுக்கு அந்தச் சரிவைப் பார்க்கவே பொறுக்கவில்லை, பிடுங்கிவிட்டுத் திரும்ப அடிக்கலாமா என்று யோசித்தான்.

சென்னியம்மாள் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு குளியலறைக்குள் வந்தார். கைப்பிடியை ரெண்டு கையாலும் பிடித்தார். ஒரு தடவை இழுத்தார். அப்புறம் தன் முழுக் கனத்தையும் அதில் போட்டுத் தொங்கிப் பார்த்தார்.  கைப்பிடி அசையவில்லை. அவர் மெதுவாகக் காலை ஊன்றி நிமிர்ந்து, கையிலிருந்த தூசியைத் தட்டினார்.

"பையை உள்ள எடுத்துட்டு வாங்க மாப்ளைங்க," என்றார்.